மாமரத்தடி அசேலியா

நாவற்குடா,
ஆனி மாதம் 3ஆம் நாள்.

அன்பு மகள் கலாஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கண்ணகையம்மன் காவலில் நானும் அப்பாவும் தங்கச்சி உசாந்தியும் நல்ல சுகம், நீயும் மருமகனும் அங்கே நோய் நொடியில்லாமல் இருக்க அவளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உசாந்தி பக்கத்தில் வந்து குந்திவிடுகிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல ஏலாது.

முதலில் உன் அசேலியாவைச் சொல்கிறேன், நீ எப்படியும் அதைத்தான் கேட்பாய். வெளிநாடு போக ஒரு மாதம் முந்தி, குளிர் மலை நுவரெலியாவிலிருந்து அந்தப் பூங்கண்டைக் கொண்டுவந்து கிணற்றடி மாமரத்துக்குக் கீழே வைத்தாயே, இந்த வெக்கையில் ஒரு கிழமை நிற்காது என்று எல்லோரும் சிரித்தோம். நான் பட்டபாடு உனக்குத் தெரியாது. தென்னங்கன்றுக்குப் போடுகிற மாதிரி உப்பும் சாம்பலும் போட்டேன், இலையெல்லாம் மஞ்சளித்தது. மண் கொஞ்சம் புளிப்பாக இருக்கவேணும் என்று நீ போனில் சொன்னதைக் கேட்டு அப்பா பழப்புளியைக் கரைத்து ஊற்றிவிட்டார். எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். பக்கத்து வளவு இராசாத்தி எட்டிப் பார்த்து, “என்னகா, பூங்கண்டுக்கும் ரசம் வெக்கிறியளோ” என்று கேட்டாள். பிறகு நீ விளங்கப்படுத்தினபடி உக்கிய இலையும் தேங்காய்த் தும்புத்தூளும் போட்டு, பிடித்துவைத்த மழைத்தண்ணீர் ஊற்றி, வேரடியில் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொண்டேன். நாலு வருசம். வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு முடிந்த மறுநாள் பார்த்தால் மூன்று மொட்டு.

அதற்குள்தான் இது வந்தது. உசாந்திக்கு வெல்லாவெளிப் பெடியன் சிவதர்ஷனைத் தை மாதத்துக்குப் பேசி முடித்தாயிற்று. வீடு கொடுக்காமல் நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் இல்லை, நாங்கள் இருக்கும் வீடு மூத்தவள் உனக்கென்று கட்டினது. அவளுக்குக் கட்ட வளவில் மிச்சமிருப்பது மாமரத்தடி மட்டும்தான். மேசன் கேதீசன் வந்து மரத்தை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆடி பிறக்க முந்தித் தறிச்சாத்தான் அம்மா அத்திவாரம் வெட்டலாம்” என்கிறார். மரம் போனால் கச்சான் சுடுகாற்றும் மத்தியான வெயிலும் நேரே இறங்கும், அசேலியா கருகிப்போகும். கிளப்பி வேறு இடத்தில் வைப்பம் என்கிறார் அப்பா, எங்கே வைப்பது, மற்றப் பக்கமெல்லாம் தென்னையும் சுடுமணலும். எனக்கு இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நிற்கிறேன், திரும்பி வரக் கறி அடிப்பிடித்துக் கிடக்கிறது. அப்பாவோடும் எரிந்து விழுகிறேன், பாவம் அந்த மனிசன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன் மகள். பூவுக்காக மட்டும் நான் இப்படி அலையவில்லை. ஒவ்வொரு வருசமும் “வாற வருசம் வாறம் அம்மா” என்கிறாய். நீ வந்து இந்த வீட்டில் இருப்பாயா, மாட்டாயா? மாட்டாய் என்றால் இந்த வீட்டையே உசாந்திக்கு எழுதிவிடலாம், மரமும் நிற்கும், உன் அசேலியாவும் நிழலில் நிற்கும். வருவாய் என்றால் உன் வீடு உனக்கு, மரத்தைத் தறித்துத் தங்கச்சிக்குக் கட்டுவோம். எதைச் சொன்னாலும் உன்மேல் கோபிக்க மாட்டோம். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு நோவை வைத்துக்கொண்டு இரட்டை வேலை செய்யாதே. மருமகனையும் உன்னையும் அம்மன் கைவிடமாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உசாந்தி தையல் வகுப்புக்குப் போகிற செவ்வாய்க்கிழமையில் அப்பாவின் போனுக்கு எடு, ஆடி பிறக்க முந்தி எடு. மொட்டு மூன்றும் இன்னும் விரியவில்லை, தினமும் எண்ணிப் பார்க்கிறேன். ஆனாலும் மகள், மரத்தைத் தறியுங்கோ என்று நீ சொல்லவேண்டும் என்றுதான் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா,
சா. பத்தினிப்பிள்ளை