நெஞ்சுக்குள் ஒரு பட்டாணி

பொஹீன்,
நவம்பர், மூடுபனி.

அன்பு மகள் பொலோனாவுக்கு,

உன் அம்மா ஸ்வெத்கா எழுதுகிறேன். எல்லார் மேலும் கோபமாக இருக்கிறேன், ஆகவே நலம்தான் என்று வைத்துக்கொள். மெல்போர்னில் வெயில் ஆரம்பித்திருக்கும். தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

முதலில் சேதி. கண்டுபிடித்துவிட்டார்கள். கழுத்தில் கால்சியத்தைக் கவனித்துக்கொள்ள நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு, அதில் ஒன்று அடங்காமல் ஆடி என் எலும்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது என்று எழுதியிருந்தேனே. அது எது, எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பழைய ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், கழுத்தைத் திறந்து தேடியும் கிடைக்காமல், அப்படியே தைத்து அனுப்பினார்கள்.

இந்த முறை லியுப்லியானா பெரியாஸ்பத்திரியில் பெட் ஸ்கேன். ஊசி வழியாகக் கொஞ்சம் கதிரியக்கம் உள்ள ஒரு மருந்தை ஏற்றினார்கள். ஓயாமல் வேலை செய்கிற சுரப்பி அதை உறிஞ்சிக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியுமாம். டாக்டர் த்யாஷா திரையை என் பக்கம் திருப்பினாள். கழுத்திலேயே இல்லை. மார்பெலும்புக்குப் பின்னால் பட்டாணி மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது. "இதுதாம்மா உங்கள இத்தனை நாளா படுத்தின ஆளு" என்றாள். சந்தோஷத்தில் அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

பின்னே என்ன? உன் அப்பா இறந்துபோன பிறகு நான் சொன்னதை யார் நம்பினீர்கள்? எலும்பு வலி, எழ முடியாத அசதி, அடுப்பில் வைத்ததை மறப்பது, காரணமில்லாத அழுகை. ஊர் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டு லொய்ஸ்கா நாய் வளர்க்கச் சொன்னாள். நீயும் போனில், "அது தனிமைம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாய். தனிமை இல்லையடி, பட்டாணி. படமே கையில் இருக்கிறது.

ரத்தத்தில் கால்சியம் கூடிவிட்டது என்றதும் பால், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நானாகவே நிறுத்தியிருந்தேன். லொய்ஸ்கா தன் மாட்டுப் பாலில் செய்து கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியைக்கூடத் திருப்பி அனுப்பினேன். நம் ஊரில் அது அவள் மாட்டைத் திட்டியதற்குச் சமம். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. த்யாஷா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நிறுத்தினால் எலும்புக்குத்தான் கேடாம், வழக்கம்போலச் சாப்பிடலாமாம். ஊருக்கு வந்ததும் நேரே லொய்ஸ்கா வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசலாம் என்று நினைத்தேன்.

ஆனால் கிளம்பும்போது நர்ஸ் ஒன்று சொன்னாள். மருந்து உடம்பில் இருக்கிறது, இன்றைக்குக் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக் கூடாது. வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "அப்ப கவலையே இல்ல, நிம்மதியா போங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். பஸ்ஸில் ஊர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் லொய்ஸ்காவின் மருமகள் பாலாடைக்கட்டித் தட்டோடு வருகிறாள், நிறைமாத வயிற்றோடு! ஜன்னலைத் திறந்து, கிட்ட வராதே, போ என்று கத்தினேன். தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இந்நேரம் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். நாளைக்குப் போய் விளக்க வேண்டும். பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது. தனியாக உட்கார்ந்து முழுவதையும் தின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆபரேஷன். எடுத்துவிட்டால் அசதி குறையும், மனசும் தெளியும் என்கிறாள் த்யாஷா. கத்திக்கு நான் பயப்படவில்லை. எடுத்த பிறகும் சாயங்காலம் இருட்டும்போது இதே மாதிரி அழுகை வந்தால், அப்போது எதன்மேல் பழி போடுவேன், சொல்லு? நீ சொன்னதுதான் சரி என்றாகிவிடுமே.

வா என்று எழுத மாட்டேன், உனக்கு ஆயிரம் வேலை. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அந்த மருந்து ஒரே நாளில் போய்விடும் என்று நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ எப்போது வந்தாலும் கிட்ட வரலாம்.

உன் அம்மா