பெயர்ப் பெட்டியில் சுண்டெலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் அலுவலகத்தின் சர்வர் கணினிகளை நிர்வகிக்கும் வலைப்பக்கத்தில் யாரோ நுழையப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த முயற்சிகளின் பதிவுகளைத் துழாவினேன். பாஸ்வேர்டு அதில் தெரியாது, பெயர்ப் பெட்டியில் அடித்தது மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் 'சுண்டெலி' என்றே இருந்தது. எங்கிருந்து முயன்றார்கள் என்று காட்ட வேண்டிய இடம் காலி.

அப்பா என்னைக் கூப்பிட்ட பெயர். அவருடைய பாஸ்வேர்டும் அதுதான். அதைப் பெயர்ப் பெட்டியிலேயே அடித்துவிட்டு, "உள்ள விட மாட்டேங்குதுடா" என்று என்னைத்தானே கூப்பிடுவார்? அவர் போன பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

"எவனோ விளையாடறான். அந்தப் பேர்ல வந்தா தடுத்துடு" என்றார் மேலாளர்.

பயப்படாதே. அப்பாவின் கைபேசி பீரோவில் அணைந்துதான் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல். அடுத்த முறை பேசும்போது என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

மேலாளர் வருகிறார், முடிக்கிறேன். தடுத்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு மனசு வரவில்லை, அம்மா.

உன் மகன்