குளிசை யாருக்கு?

என் அன்பான அப்பா,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கதை கேட்கும் பொறுமை உங்களுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சுகம்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு கொட்டாஞ்சேனை மருந்துக் கடையை நான்தான் பார்க்கிறேன். காலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்த் திறக்கிறேன். கணினி ஒன்று வைத்தேன். வத்தளையிலிருந்து வரும் டிலானியை மருந்தாளராகச் சேர்த்தேன். இருபத்தைந்து வயது, நல்ல படிப்பு. மூன்றாவதாக, உங்களோடு முப்பது வருடம் நின்ற பிரான்சிஸ் அங்கிளை வீட்டுக்கு அனுப்ப இருந்தேன். கடிதம்கூட அடித்து மேசை லாச்சியில் வைத்திருந்தேன்.

கோபிக்காதீர்கள். எழுபத்தொரு வயதில் அவர் வருகிறவர்களிடமெல்லாம் வீட்டுக் கதை கேட்டுக்கொண்டு நிற்பார், வரிசை நீளும். கணினியை "உங்கட டிவி" என்பார். "அங்கிள், நீங்க பாமசியில வேலை செய்றீங்களா, கல்யாணப் புரோக்கரா?" என்பாள் டிலானி.

போன செவ்வாய்க்கிழமை, பின்வீதி ரெஜினா அன்ரியின் மகன் அன்டன் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு வந்தார். தாய்க்கு முழங்கால் வலி. டிலானி தாயின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். வேறு மருந்து எதுவும் பதிவில் இல்லை. வலிக்குளிசைகளை எண்ணி உறையில் போட்டாள்.

"ரெஜினா வேற குளிசையும் போடுறாவே," என்றார் பிரான்சிஸ் அங்கிள்.

"இல்லயே அங்கிள். அவங்கட பேர்ல ஒண்டும் இல்ல."

"உங்கட டிவிக்கு என்ன தெரியும்? மாசாமாசம் இவர் கொண்டுபோற குளிசை யாருக்கு? இவரைப் பாத்தா வருத்தக்காரன் மாதிரியா இருக்கு?"

அன்டன் சிரித்தார். "ஓம், அது அம்மாக்குத்தான். நான்தானே எடுக்க வாறனான்."

டிலானி அன்டனின் பெயரைத் தட்டினாள். முகம் மாறியது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை. அதோடு இந்த வலிக்குளிசையும் சேர்ந்தால் உள்ளுக்குள் இரத்தம் கசியலாம் என்றாள். பிரான்சிஸ் அங்கிளுக்கு அது தெரியாது. "கனக்கக் குளிசை போட்டா வயிறு எரியும் எண்டுதான், மகள், சொன்னனான்," என்றார். குரல் இறங்கிவிட்டது. டிலானி டொக்டரைப் போனில் பிடித்து மருந்தை மாற்றுவித்தாள்.

பிழை என்னுடையது அப்பா. வாங்க வருகிறவரின் பெயரைப் பதியச் சொன்னது நான். எங்கள் சனத்தில் குளிசை போடுகிறவர் எப்போது கடைக்கு வந்தார்? அந்தப் பக்கம் போகிற யாரோதான் வாங்கிப் போவார். அதற்காகத்தான் துண்டை வாங்கியதும் "ஆருக்கு?" என்று கேட்பீர்களா? எனக்கு அது ஊர்ப்புதினம் அறியும் வீண் விடுப்பாகத் தெரிந்தது. ஏன் ஒருநாளும் காரணம் சொல்லவில்லை?

பழையவர்களும் இளையவர்களும் கைகோர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் இப்போதும் நம்புவதில்லை. ஆனால் அன்று ஒருவருக்கு ஆளைத் தெரிந்திருந்தது, மற்றவளுக்கு மருந்தைத் தெரிந்திருந்தது. இருவரில் ஒருவர் லீவில் நின்றிருந்தால்?

இப்போது காலையில் இருவரும் சேர்ந்து பதிவைத் திருத்துகிறார்கள். "இந்த மாமி செத்து நாலு வருசம், பேரை எடுங்க." "அப்ப இந்தக் குளிசையை யார் அங்கிள் போடுறது?" "அதைத்தான் கேக்கோணும்!" சண்டை ஓயவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

நேற்று ரெஜினா அன்ரி தானே நடந்து வந்தார். "இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா, பிரான்சிஸ்?"

"மிஸ்ஸைத்தான் கேக்கோணும்," என்று அவர் என்னைப் பார்த்தார். கடிதம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லாச்சியைத் திறந்து அதை எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மிச்சப் பெயர்களை இதில எழுதுங்கோ அங்கிள்," என்று நீட்டினேன். அவர் திருப்பிப் பார்க்கவில்லை. பேனையை எடுத்தார்.

அவராகப் போகிறேன் என்று சொல்லும்வரை நான் அவரைப் போகச் சொல்ல மாட்டேன் அப்பா. துண்டை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பேன்.

"ஆருக்கு?" என்று கேட்கப் பிந்திப் பழகிய
உங்கள் மகள்