குழாய்க்குள் ஓடிய பட்டிழை

காஞ்சிபுரம்,
18-11-1974

என் கண்ணு மங்கையர்க்கரசிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தறியும் சௌக்கியம், போபால் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது.

வெள்ளிக்கிழமை உன் தந்தி வந்தது. தந்தி என்றதும் அப்பா பயந்துபோய்த் தந்திக்காரரையே படிக்கச் சொன்னார். பொறி தட்டவில்லை, ஜெயித்துவிட்டேன் என்று படித்தார் பார், அவர்கள் இருவரும் ஒன்றும் புரியாமல் விழிக்க நான் மட்டும் தறிக்குழியிலிருந்து எழுந்து கத்தியேவிட்டேன் போ! இன்றைக்கு உன் கடிதமும் வந்தது. சோதனைக்கூடத்தில் நாலு லட்சம் வோல்ட்டு ஏற்றியும் உன் குழாய் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றதாமே! உன் பெரியப்பாவுக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மின்சாரக் கம்பியைக் குழாய்க்குள் நிறுத்திச் சுற்றிலும் ஒரு வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள், மின்சாரம் குழாய்க்குத் தாவாமல் அதுதான் தடுக்கிறது, அந்த நீளப் பேர் வாயு விலை அதிகம், நம் அரசி அதில் ஒரு பங்கும் மலிவான நைட்ரஜன் மூன்று பங்கும் கலந்தே தாங்க வைத்துவிட்டாள் என்றேன். கலவை தப்பு, மாதக் கடைசியில் வேலையை மூடு என்று உன் அதிகாரி சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘வேல பார்த்தது போதும்மா, பொண்ணைக் கூட்டிக்கினு வந்துடு, செவிலிமேட்டுல வரன் ரெடியா இருக்குது’ என்று குதித்தவர் இவர்தானே.

மூன்று தடவையும் பொறி அதே இடத்தில் தட்டியது என்று நீ எழுதியபோதே எனக்குச் சுருக்கென்றது. தறியில் ஒரே இடத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தால் பட்டு நூலையா திட்டுகிறோம், ஊடிழையைக் கொண்டு ஓடுகிற நாடாவைத்தானே கையில் எடுத்துப் பார்க்கிறோம். அதன் உடம்பு முழுக்கப் பட்டிழையை ஓட்டினால் விரலுக்குத் தெரியாத பிசிறும் மாட்டிக்கொள்ளும், நீ சின்னதிலிருந்து பார்த்ததுதான். அதைக் குழாயிலும் செய் என்று எழுதினேன், ஆனால் அவசரத்தில் முறுக்காத பட்டிழையை வைத்து அனுப்பியது என் தப்பு. அதன் தும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு முன்னைவிடச் சீக்கிரம் பொறி தட்டியது என்று எழுதினாயே, பெண்ணின் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அனுப்பிய முறுக்கிழை மாட்டிய இடத்தில் கடுகில் பாதிகூட இல்லாத பிசிறாமே, அதைத் தேய்த்ததும் அதே கலவை தாங்கிவிட்டதாமே. உன் கணக்கு சரியடி, என் ராசாத்தி!

அப்பா சந்தோஷத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய்க் கச்சபேஸ்வரருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பெரியப்பா முசரவாக்கம் வரைக்கும் போய், ‘எங்க வூட்டுப் பொண்ணு கரண்டையே கட்டிப் போட்டுட்சி’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், வரன் பேச்சையே காணோம். நீ அந்தக் குழாயைத் திறக்கும்போது ஜன்னலை நன்றாகத் திறந்து வை, பொறி தட்டிய வாயு கெட்டது என்று நீயே சொல்லியிருக்கிறாய். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அறிக்கையில் பட்டிழைச் சோதனை சொன்னவர் என்று என் பேரையும் தொழிலையும் ஊரையும் நீ எழுத, அதிகாரியும் கையெழுத்துப் போட்டார் என்றாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். இருபத்தெட்டு வருஷமாக நெய்கிறேன், எல்லாச் சேலையிலும் கடைக்காரர் பேர்தான். காமாட்சி உன்னைக் குறையில்லாமல் வைப்பாள், அந்த அறிக்கையில் ஒரு பிரதி எனக்கு அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
தில்லையம்மாள்,
நெசவாளர், காஞ்சிபுரம்.