சம்பந்தி உட்கார்ந்த பக்கம்

வியாழன், 10 ஜூலை 2025

விடியற்காலையில் சுமத்ராக் காற்றும் மழையும். எட்டு மணிக்கு ஓய்ந்தது. சன்னலுக்கு வெளியே துணி காயும் கம்புகளை இருமுறை உள்ளே இழுத்து இருமுறை வெளியே நீட்டியாயிற்று.

நேற்றிரவு நம் வீட்டில் விருந்து. சம்பந்தி ஜமால் குடும்பத்தோடு கிழக்குக் கரையோரப் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்திருந்தார். ஆட்டுக்கால் சூப் மூன்றாம் கிண்ணம் கேட்டு வாங்கினார். என் மனைவி ஹபீபாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் ஷமீமா படகுப் பேச்சை எடுத்தாள். அவருக்கு மகள், எனக்கு மருமகள், தொழிலில் தணிக்கையாளர். இம்மூன்றில் எதுவாக இருந்து பேசினாள் என்று தெரியவில்லை.

"போட் ஒரு பக்கமா சாயுது. நானே படகுத்துறையில நின்னு பாத்தேன். வாப்பா, மாமா, ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். இருபதாம் தேதிக்குள்ள நேரா நிக்கணும், இல்லன்னா வித்துடுங்க. பேபியையும் உம்மாவையும் மாமியையும் இதுல ஏத்த முடியாது லா."

பெரியவர்கள் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலத் தலையாட்டினோம். ரியாஸ், என் மகன், பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நழுவினான். புத்திசாலி.

படகு பத்தொன்பதடி. கண்ணாடியிழை. பழையது. ஓட்டுநர் உரிமம் என்னிடம், கட்டிவைக்கும் துறை அவர் வீட்டருகே. இரு குடும்பத்தையும் உபின் தீவுக்கு அழைத்துப் போவதற்கென்றே இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. இதுவரை போனவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே, ஞாயிறுதோறும். படகு போனால் ஞாயிறும் போகும். சம்பந்திகள் வேறு எதைச் சொல்லி வாரந்தோறும் சந்தித்துக்கொள்வது? பெருநாளைக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை, அவ்வளவுதான்.

அவர் வழக்கம்போலப் பேச்சோடு பேச்சாக, "ஏப்ரல் பத்தொம்போது வாங்குனோம், அன்னைக்கே லேசா சாஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். வாங்கியது ஏப்ரல் 20, ஞாயிறு. திருத்தவில்லை. பெண் கொடுத்தவர்.

சாய்வது இடப்பக்கம். காரணங்களாக இருக்கக்கூடியவை:
1. தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர்.
2. புரொப்பெல்லரின் சுழற்சி இழுப்பது.
3. பேட்டரியும் பெட்ரோல் டாங்கியும் ஒரே பக்கம்.
4. பின்புறச் சமநிலைத் தகடுகளில் ஒன்று இறங்கியிருப்பது.
5. சம்பந்தி.

ஐந்தாவதை அடித்துவிட்டேன். மை போதவில்லை. இன்னும் படிக்க முடிகிறது.

சனி, 12 ஜூலை

வெயில். லாவெண்டர் நிலையத்தில் ரயில் ஏறி பாசிர் ரிஸ் துறைக்கு. பையில் ரசமட்டம், டார்ச், பழந்துணி, ஹபீபா கொடுத்த வடை நான்கு.

படகைத் துறையில் கட்டிவைத்தபடியே சோதனை. யாரும் ஏறாத நிலையில் தரைமேல் ரசமட்டம்: குமிழ் நட்டநடுவில். தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இல்லை. ஒரு நண்டு. பேட்டரியும் டாங்கியும் நடுக்கோட்டில். தகடுகள் இரண்டும் ஒரே மட்டம்.

பிறகு நான் மட்டும் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அது வலப்பக்கம். குமிழ் இம்மியளவு நகர்ந்தது. என் எடைக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆக 1, 3, 4 கழிந்தன. முப்பது வருடம் சந்தைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். தேக்காச் சந்தையில் மீன்காரர், கோழிக்காரர், எவராயினும் முகத்துக்கு நேரே, "உங்கள் தராசு சரியில்லை" என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் நண்டை ஓங்கினார். அப்போதும் சொன்னேன்.

வடை நான்கும் தீர்ந்தன. நண்டைக் கடலில் விட்டாயிற்று.

ஞாயிறு, 13 ஜூலை

சம்பந்தியுடன் கடலில். அலை இல்லை. மனிதர் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய், வழக்கம்போல இடப்பக்க இருக்கையில். படகு வழக்கம்போல இடப்பக்கம்.

புரொப்பெல்லர் காரணமானால் வேகம் கூடக் கூடச் சாய்வும் கூட வேண்டும், நிறுத்தினால் நிமிர வேண்டும். மெதுவாக ஓட்டினேன், சாய்வு. வேகமாக, அதே சாய்வு. இயந்திரத்தை அணைத்தேன், அதே சாய்வு. அவர் மீன் பார்ப்பதற்காக எழுந்து நடுவில் நின்றார். படகு நிமிர்ந்தது. உட்கார்ந்தார். சாய்ந்தது.

2-உம் கழிந்தது.

"என்ன சம்மந்தி, கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

இன்னும் ஆராய வேண்டும் என்றேன். அவரும் ஏதோ சொல்ல வந்து, என் கருவிப்பெட்டியைப் பார்த்து, சொல்லாமல் விட்டார். கருவிப்பெட்டி என் காலடியில், வலப்பக்கம். அதில் எல்லாம் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். பாராட்ட நினைத்திருப்பார்.

திங்கள், 14 ஜூலை

மூட்டம். முடி வெட்டிக்கொண்டேன். இடக் கிருதா அரைவிரல் நீளம் கூடுதல். திரும்பப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தேன்.

ஹபீபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. "நடுவுல உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுச்சு."

எப்படிச் சொல்வது? நடுவில் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் எடை என்று வரும். சம்பந்தி நம் வீட்டுக்கு வந்தால் எந்த நாற்காலியில் உட்காருகிறாரோ அதுதான் அன்று நல்ல நாற்காலி. விருந்தில் அவர் அமரும் சஹன் தட்டுக்குத்தான் பெரிய துண்டு. உண்ண உண்ண வற்புறுத்திவிட்டு, கடலுக்கு அழைத்துப்போய், நீங்கள் கனம் என்பதா?

"அப்ப அவுகளுக்குச் சமமா நீங்க சாப்பிட்டு ஏறுங்க" என்றாள். பயனற்ற யோசனை.

ஆனால் அதற்குள் ஒரு நல்ல யோசனை இருந்தது.

செவ்வாய், 15 ஜூலை

தேக்காவில் பொன்னி அரிசி, பத்துக் கிலோ மூட்டை மூன்று. மடக்கு வண்டியில் கட்டி ரயிலில் பா. ரிஸ். "என்ன பாய், கடை போடப் போறீங்களா?" என்றார் எதிரில் இருந்தவர்.

என் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் மூன்றையும் வைத்து, பிளாஸ்டிக் விரித்து, மேலே உயிர்காப்பு அங்கிகளைப் பரப்பினேன். வெளியே ஒன்றும் தெரியாது.

மணல் மூட்டை போதாதா என்று கேட்டாள் ஹபீபா. மணல் கொட்டினால் படகு அழுக்காகும்.

புதன், 16 ஜூலை

சோதனை ஓட்டம். சம்பந்தி இடம், நான் வலம், அரிசி எனக்குக் கீழ். குமிழ் நடுவில்!

உபின் கரை வரை போய்த் திரும்பினோம். தேநீர்க் குவளையைத் தரைமேல் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சம்பந்தி பழைய பாட்டொன்றை முணுமுணுத்தார். சுருதி சேரவில்லை, அதுவும் இனிமையாகவே இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, சிறு மாற்றம் என்றேன். பொய் அல்ல.

இரவு நல்ல தூக்கம்.

வெள்ளி, 18 ஜூலை

டன்லப் தெருப் பள்ளிவாசலில் ஜும்மா. அங்கிருந்து நேராகப் படகுக்கு. ஞாயிற்றுக்கு முன் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று.

இருவரும் ஏறினோம். இடப்பக்கம். முன்னைவிட மோசம். வெளியே அலை எழுந்தால் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும் போலிருந்தது.

அரிசியை யாரேனும் எடுத்துவிட்டார்களோ என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன. சம்பந்தியின் முகம் என் முகத்தைவிட வாடியிருந்தது. இரண்டு நாளில் மனிதர் அவ்வளவு எடை கூட முடியாது. அவரால்கூட.

துறையில் இயந்திரம் பழுதுபார்க்கும் லிம், "சேல் பண்ணுங்க அங்கிள்" என்று தமிழிலேயே சொன்னார். வாங்க ஆள் இருக்கிறதாம். சம்பந்தி படகுக் கயிற்றை இருமுறை இறுக்கிக் கட்டினார். பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தோம். வாரந்தோறும் அவர் அங்கே வாங்கித் தரும் கச்சான் கடலைப் பொட்டலத்தை இன்று வாங்க மறந்தார்.

இரவுச் சாப்பாடு ரசம் மட்டும்.

சனி, 19 ஜூலை

சொல்லாமல் கொள்ளாமல் முதல் ரயிலில் பா. ரிஸ். கூடுதலாக ஒரு மூட்டை அரிசி.

வெற்றுப் படகே இடப்பக்கம் சாய்ந்து நின்றது. வலப்பக்கம் முப்பது கிலோ இருக்க, இடப்பக்கம் சாய்கிறது! சம்பந்தியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறந்தேன். அவர் சாமான் என்பதால் இதுவரை திறந்ததில்லை. பழைய தொழுகைப் பாய், ஒரு டின் பிஸ்கட். அதற்கடியில் வரிசையாக இரும்பு எடைக்கற்கள். ஜாலான் புசாரில் அவர் நடத்திய இரும்புக்கடைச் சாமான். எல்லாம் பெரிய கற்கள். அடியில் ஈய முத்திரை. எங்கள் அலுவலக முத்திரை.

குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே மூச்சிரைக்கும் ஓசை. சம்பந்தி. இரு கைகளிலும் ஒவ்வொரு கல். என் தோளில் அரிசி மூட்டை.

மூட்டையை இறக்கிவைத்தேன்.

வியாழனன்று தனியாகப் படகு கழுவ வந்தாராம். படகு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கக் கண்டாராம். (என் அரிசி.) காரணம் என் கருவிப்பெட்டிதான் என்று முடிவுகட்டிவிட்டார். முதல் நாளிலிருந்தே அதன்மேல் அவருக்குச் சந்தேகமாம்.

"அத எப்புடி உங்ககிட்ட சொல்றது? ஸ்பேனர அப்புடி அடுக்கி வச்சிருக்கீங்க. எடுங்கன்னா மனசு சங்கடப்படுவீங்கல்ல. அதான் சத்தமில்லாம இந்தப் பக்கம் கல்லு வச்சேன். நேத்தைக்கும் சரியா வரலையா, சாயுற பக்கம் எதுன்னே கொழம்பிப்போயி இன்னும் ரெண்டு கொண்டாந்தேன்."

நான் அரிசியைக் காட்டினேன். அவர் அங்கிகளை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தம் வயிற்றைப் பார்த்தார்.

"இது எனக்கா?"

ஆம் என்றேன். சொல்லியே விட்டேன். சொன்ன பிறகு காது இரண்டும் சூடாகிவிட்டன.

அவர் கற்களைக் கீழே வைத்தார். துறைப் பலகையிலேயே உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அஞ்சி அருகே போனால், சிரிப்பு. சத்தம் வராத, கண்ணீர் வருகிற சிரிப்பு. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். லிம் தம் கடை வாசலில் நின்று எங்களையே பார்த்தார். உடல்நலம் சரியில்லையோ என்று தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே சம்மந்தி. போன மாசம் கிளினிக்ல பாத்தேன். நூத்தி ஆறு. முத்திர குத்துன உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க, நான் எங்க உக்காரணும்?"

"நடுவில்" என்றேன்.

அரிசி, கற்கள், கருவிப்பெட்டி, எல்லாம் வெளியே. பிஸ்கட் டின் மட்டும் அவர் வேண்டுகோளின்படி உள்ளே. நடுப்பலகையில் அவர், சக்கரத்தில் நான். என் எடைக்குச் சரியாக எதிர்ப்பக்கம் ஐஸ் பெட்டி. குமிழ் நடுவில். நின்றபோதும். ஓடியபோதும். திரும்பும்போதும்.

நடுவில் காற்று நன்றாக வருகிறதாம். இத்தனை நாள் நான் பேசியதில் பாதி காதில் விழவில்லையாம், இப்போது விழுகிறதாம். காதில் விழாத பாதிக்கு அவர் தலையாட்டியதெல்லாம் என்னவென்று கேட்டேன். மரியாதைக்கு என்றார்.

கச்சான் இரண்டு பொட்டலம்.

ஞாயிறு, 20 ஜூலை

தெளிந்த வானம். மெல்லிய காற்று.

ஷமீமா துறையில் இடுப்பில் கைவைத்து நின்று தணிக்கை செய்தாள். குனிந்து ரசமட்டத்தைப் பார்த்தாள். கைப்பேசியில் அவளுடைய மட்டத்தையும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. "ஓகே, பாஸ்" என்றாள். அரசாங்க முத்திரைகூட எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பேத்தி. அனைவருக்கும் அங்கி. பேத்தியின் அங்கி வார்களை நான் மும்முறை சரிபார்த்தேன். ஹபீபா இடம், சம்பந்தியம்மா வலம். இருவரும் உறவுக் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பேசி முடிப்பதற்குள் உபின் வந்துவிட்டது. பலா மரத்தடியில் சாப்பாடு. நெய்ச்சோறு, தால்சா, அச்சார். அரிசி எது என்று சொல்லத் தேவையில்லை. நான் பொன்னியில் நெய்ச்சோறா என்று கேட்டதற்கு, படகிலிருந்து வந்த அரிசி வேறு எதற்கு ஆகும் என்று இரு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். சம்பந்தி மூன்றாம் தட்டுக்குக் கை நீட்டி, என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"சாப்பிடுங்கள். நடுவில்தானே உட்காருகிறீர்கள்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர்தான் அதிகம்.

திரும்பும்போது பேத்தி தூங்கிப்போனாள். வெயில் படாமலிருக்க ஷமீமா அவளோடு இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். குமிழ் ஒரு நூல் விலகியது. வேறு எவரும் கவனிக்கவில்லை.

"சம்பந்தி, ஒரு சாண் வலப்பக்கம்."

பேச்சை நிறுத்தாமலே நகர்ந்தார். குமிழ் திரும்பியது. அவர் ரியாஸிடம் படகு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏப்ரல் பத்தொன்பது, நல்ல வெயில், விலை பேசியது இவர்தான் என்று.

"இருபது" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை."

திரும்பி என்னைப் பார்த்தார். "மூணு மாசமா இதையும் வயித்துலயே வச்சிருந்தீங்களா, சம்மந்தி?"