பழவங்காடிக்குப் போகாத ஜீப்

என்னை விட்டுப்போன என் அருமை அக்காவுக்கு,

நீ படுத்துப் போயிருக்க வேண்டிய ஜீப் இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? சேறும் கறையுமாகத்தான் நிற்கிறது. கழுவ வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நீ போன மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. பையன் பள்ளிக்கூடம் போகிறான், பெண்ணுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. வீட்டுக்காரருக்குப் போனக்காடு தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை. நல்ல மனிதர், என் கோபத்தைக் கண்டால் மட்டும் மெல்ல நழுவிவிடுவார். கரமனையில் வளர்ந்த எனக்கு மலையும் அட்டைக்கடியும்கூடப் பழகிவிட்டன. வழிதான் பழகவில்லை. பஸ் விதுரையோடு நின்றுவிடும், அதற்குமேல் நடை, அதிர்ஷ்டம் இருந்தால் தேயிலை லாரி. போன மழையில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டு, லாரி வருமா வருமா என்று வாசலில் நின்றபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது வயிற்றில் மூன்றாவது. ஒரு வண்டி வாங்கியே தீரவேண்டும் என்று முடிவானது.

அந்த ஏற்றத்துக்குப் பட்டாளத்து வண்டிதான் லாயக்கு. சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறவர்கள் பட்டணத்தில் சாலை பஜார் பக்கம் இருக்கிறார்கள். நானும் கூடப் போனேன். பெண்பிள்ளைக்கு வண்டியில் என்ன தெரியும் என்று தரகர் சிரித்தார். ஒன்று லாரி உயரம், பையனைத் தூக்கித்தான் ஏற்றவேண்டும், மலை வளைவில் ஒரே மூச்சில் திரும்பவும் செய்யாது. இன்னொன்று கல்யாணப் பெண் போலப் பளபளவென்று நின்றது. குனிந்து பார்த்தால் அடிச்சட்டம் விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதில் எப்படி இறங்குவது? தரகரின் சிரிப்பு அப்போது நின்றது.

விதுரையில் ஒரு ஜீப் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் அதைச் சாமி மாதிரி வைத்திருக்கிறார், இப்போது கண் சரியாகத் தெரியாததால் கொடுத்துவிடப் போகிறார் என்றார் தரகர். யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. உன் மாமனார்தான்.

உனக்கு நினைவிருக்குமா, அக்கா? ஒன்பதாம் மாசம் உன்னை அம்மாவிடம் அழைத்துப்போக நான் வந்திருந்தேன். மறுநாள் காலையிலேயே உனக்கு வலி கண்டுவிட்டது. முந்தின நாள்தான் அந்த ஜீப் ஏலத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்றது, டிரைவரும் பக்கத்தில் நின்றான். வெள்ளிக்கிழமை பழவங்காடி பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்த பிறகுதான் அது வேறு எங்கும் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. ஜீப்பில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் அவர் காலில் விழுந்தேன். "பூசை போடாத வண்டி, பிள்ளே. மொத ஓட்டத்துல பேறுகாலத் தீட்ட ஏத்தப்படாது" என்றார். அத்தான் அப்பா பேச்சைத் தட்டாமல் மாட்டை அவிழ்க்கப் போனார். மாட்டுவண்டி பூட்டினார்கள். சுள்ளிமானூர் தாண்டுமுன் என் மடியிலேயே நீயும் பிள்ளையும் போய்விட்டீர்கள். உன் பதினாறு கழிந்ததும் அவர் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

அந்த வண்டி எனக்கு வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "பழி தீர்க்க வாங்கப்போறியா, பிள்ளையளுக்கு வாங்கப்போறியா?" என்று கேட்டார். வண்டி சரியில்லை என்றால் தொடமாட்டேன், சரியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றேன். உன் பேரைச் சொல்லி என் பிள்ளைகளைப் பள்ளத்தில் தள்ளுவேனா?

உன் மாமனார் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். விட்டுப்போன உறவு திரும்ப வந்ததாக நினைத்துக்கொண்டார், பாவம். உன் பேரை எடுக்கவேயில்லை. நாங்கள் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி பிரேக் பார்த்தோம், ஓடைச் சேற்றில் இறக்கி நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதா என்று பார்த்தோம். படுதா கிழியவில்லை. பின்னால் பிள்ளைகள் விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி போட்டால் போதும். அத்தனை வருஷத்தில் அது அதிகம் ஓடவேயில்லை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் போயிருக்கிறது. கடைசியாக முன்சீட்டை மடக்கச் சொல்லி, ஒரு பலகை போட்டு, அவர் பார்க்கப் பார்க்க நானே ஏறி முழங்காலை மடக்கிப் படுத்தேன்.

இடம் இருந்தது, அக்கா. உனக்கும் இடம் இருந்திருக்கும்.

இறங்கி வந்து, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார். கைமாறுகிற வண்டி, நல்ல நாள் பார்த்துப் பழவங்காடியில் பூசை போட்டபிறகு மற்ற ஓட்டமெல்லாம் வைத்துக்கொள் என்றார். ஆகட்டும் மாமா என்றேன்.

மலைக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை போவோமா என்று வீட்டுக்காரர் கேட்டால் பார்க்கலாம் என்பேன். நல்ல நாளுக்குக் காத்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். காத்திருந்தது வாஸ்தவம்தான். எந்தக் கூலி லயத்தில் எவளுக்கு வலி கண்டாலும் முதலில் என் வீட்டுக்கு ஆள் அனுப்பு என்று எஸ்டேட் நர்சிடம் சொல்லிவைத்திருந்தேன்.

நேற்றுக் காலை ஆள் வந்தது. கொழுந்து கிள்ளுகிற மாடத்திக்குத் தலைப்பிரசவம், வலி நீண்டுகொண்டே போகிறது, நெடுமங்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். பலகை போட்டு அவளைப் படுக்கவைத்தோம், நர்சும் ஏறிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஓட்டினார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன், என் மடிக்கு அந்தப் பாரம் தெரியும். இவளும் போய்விடுவாளோ என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். மலை இறங்கி விதுரைக்குள் நுழையும்போது, பிள்ளை தலை தெரிகிறது, நிறுத்துங்கள் என்றாள் நர்ஸ். நிறுத்த வேறு வீடுகளும் இருந்தன. உன் மாமனார் வாசலுக்கு விடச் சொன்னேன்.

ஹார்ன் அடித்தோம். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வருவதற்கும் பிள்ளை அழுவதற்கும் சரியாக இருந்தது. பலகையெல்லாம் ரத்தம். கண் மங்கினவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா?

"பூசை போட்டாச்சா, பிள்ளே?"

"இப்பத்தான் ஆச்சு, மாமா."

அவருக்குப் புரிந்தது. கேட்டின் கம்பியை அவர் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டதை நான் ஆசைதீரப் பார்த்தேன். உள்ளே பார்த்து, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு வராத அந்தக் குரல் நேற்று வந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ இன்னும் அத மறக்கல்லியா?" என்று கேட்டார். நான் குனிந்து பிள்ளையைத் துடைத்தேன். என்ன சொல்லியிருக்கவேண்டும், நீயே சொல்.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறார்கள். திரும்பி வரும்போது வீட்டுக்காரர், இதோடு போதும், கிழவரை விட்டுவிடு என்றார். எனக்குப் போதவில்லை. ஒருவேளை நான் கெட்டவளாகிவிட்டேனோ? ஆனால் ஆகிவிட்டுப் போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வண்டி பழவங்காடிக்குப் போகாது. இந்த மலையிலிருந்து எந்தப் பெண்ணைப் பேறுகாலத்துக்கு இறக்கினாலும் அவர் வாசலில் ஒரு ஹார்ன் அடிப்பேன், அவர் வெளியே வந்து பார்க்கும்வரை அடிப்பேன். மாசி மாசம் என் முறை. எனக்கு எத்தனை வலி இருந்தாலும் அந்த வாசலில் வண்டி நிற்கும். அவர் வந்து குனிந்து பார்க்கட்டும், உன் ஜாடை அப்படியே எனக்கு இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் தலையை மடியில் ஏந்திய தங்கச்சி,
செண்பகம்