லவைனா சம்மதம் சொல்லவில்லை

ஒஹையோ,
அக்டோபர் 4

அன்புள்ள லவைனா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அரை மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறாளே என்று சிரிக்காதே. காலையில் கதவைத் தட்டினேன், நீ திறக்கவில்லை. நம் சபையில் காரும் தொலைபேசியும் கூடாதே, வேறு என்ன செய்ய?

நேற்றுச் சபையில் ஆயர் ஒவ்வொருவரிடமும், "எல்லாரோடயும் சமாதானமா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தபோது, நீ மட்டும் "இல்ல" என்றாய். ஒருவர் மனத்தாங்கலோடு இருந்தாலும் திருவிருந்து யாருக்கும் கிடையாதே! பதினேழாம் தேதி ஞாயிறு திருவிருந்தன்றும் நீ இப்படியே சொன்னால் முப்பது குடும்பமும் காத்துக் கிடக்கும்.

மே மாதம் எர்வின் ஓட்டிய குதிரைவண்டி கவிழ்ந்து உன் மகள் மேட்டியின் கால் ஒடிந்தது. மறுநாளே என் புருஷனை மன்னித்துவிட்டதாகச் சொன்னாயே அக்கா. இப்போது என்ன வந்தது? எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
எட்னா


அக்டோபர் 6

எட்னாவுக்கு,

சொன்னேன். ஆயரும் பத்துப் பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றால் வேறு என்ன சொல்வது? பிள்ளையின் மாவுக்கட்டுகூடக் காயவில்லை. நீங்கள் எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனீர்கள். குதிரை ஏன் மிரண்டது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

அந்தச் செவலைக் குதிரை இன்னும் இதே சாலையில்தான் ஓடுகிறது. குளம்புச் சத்தம் கேட்டாலே மேட்டியை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறேன். "விட்டுத் தொலையேன்டி" என்கிறார் மோஸ். புருஷன் சொன்னாலும் விடமாட்டேன்.

அதற்காக அதை விற்றுவிடாதே, இன்னொருத்தி பிள்ளையைத் தள்ளும். சுட்டுவிடவும் வேண்டாம், வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? காரணத்தைக் கண்டுபிடி.

லவைனா


அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நேற்று லாடம் அடிப்பவரை வரவழைத்துக் காட்டினேன். செவலைக்கு இடது கண் தெரியாது. அந்தப் பக்கம் லாரி உறுமினால் என்ன ஏது என்று தெரியாமல் பாய்கிறது.

எர்வின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியுமாம் அக்கா! வாங்கிய வாரமே தெரியுமாம்! "பந்தயக் குதிரைன்னு பெருமையடிச்சுட்டேன். ஏலத்துல குருட்டுக் குதிரைய என் தலையில கட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்குமேன்னு மறைச்சேன்" என்கிறார். நேற்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

செவலை இனிச் சாலைக்கு வராது. மற்றக் குதிரைகளுக்கு நடுவே பூட்டினால் வயலில் அமைதியாக உழுகிறது. சபை முன்னால் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொல்வதாக எர்வின் ஆயரிடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் உன் மனம் ஆறாவிட்டால் ஆறாமலே இருக்கட்டும். இனி உன்னை அவசரப்படுத்தமாட்டேன்.

எட்னா


அக்டோபர் 12

அன்புள்ள எட்னா,

படித்ததும் உன் வீட்டுக்காரரை வாயார வைதேன். மோஸ் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மேட்டி ஐந்து மாதமாக வாய்விட்டுச் சிரிப்பதே இல்லை. போன மாதம்தான் காரணத்தைச் சொன்னாள்: "வண்டியில நான்தாம்மா சத்தமாப் பாடுனேன். அதான் குதிரை பயந்துடுச்சு." ஒன்பது வயதுப் பிள்ளை, எட்னா! "இல்லடி கண்ணு" என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. பின்னே எதனால் என்று கேட்கிறாள், எனக்கே தெரியாதபோது என்ன சொல்வேன்?

முழங்காலிடுவதெல்லாம் அப்புறம். எர்வினை ஞாயிறுவரை காக்கவைக்காதே, உடனே அழைத்து வா. அந்தக் கண்ணைப் பற்றி அவரே அவளிடம் சொல்லட்டும். முதலில் அவள் கேட்கட்டும்.

உன் அக்கா,
லவைனா